சகப்பிணைப்பு உருவாவது எப்படி: எலக்ட்ரான் கணக்கிலிருந்து மூலக்கூறின் வடிவம் வரை

சகப்பிணைப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு வரிதான்: "அணுக்கள் எட்டு எலக்ட்ரான்களை எட்டிப்பிடிக்க எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன." மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் ஏன் பகிர்கின்றன என்பதற்கு இதில் பதில் இல்லை. அணுவுக்கு எண்ணத் தெரியாது; எட்டு வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. சேர்ந்திருக்கும்போது மொத்த ஆற்றல் குறைந்தால் அணுக்கள் சேரும், குறையாவிட்டால் சேராது. பல இடங்களில் அந்த ஆற்றல் கணக்குக்கு விடையாக எட்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஆற்றல் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போவோம். பள்ளி வேதியியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும். பக்கத்தில் ஒரு தனிம வரிசை அட்டவணையும் தாளும் பென்சிலும் இருக்கட்டும். நடுவில் வரைய வேண்டியிருக்கும்.

படி 1: வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணுங்கள்

பிணைப்பில் கலந்துகொள்பவை வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள்தான். உள்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவோடு மிக இறுக்கமாகப் பிடிபட்டிருப்பதால் பக்கத்து அணு வந்தாலும் பெரிதாக அசைவதில்லை. 13 முதல் 18 வரையான தொகுதிகளில், தொகுதி எண்ணின் கடைசி இலக்கமே வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை: 14-ஆம் தொகுதியின் கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கு 6, ஃப்ளூரின், குளோரினுக்கு 7. ஹைட்ரஜனுக்கு 1. ஹீலியம் மட்டும் விதிவிலக்கு. 18-ஆம் தொகுதியில் உட்கார்ந்திருந்தாலும் அதனிடம் இருப்பது 2தான்.

அணுவின் குறியீட்டைச் சுற்றி இந்த எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைக்கும் பழக்கம் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள ஓர் எலக்ட்ரான் இணைதான் ஒரு பிணைப்பு என்று அவர் சொன்னபோது குவாண்டம் இயக்கவியலே பிறந்திருக்கவில்லை. நிலையான சேர்மங்களில் பெரும்பாலும் எலக்ட்ரான்கள் இரட்டைப்படையில் இருக்கின்றன என்பதைக் கவனித்தே அந்த முடிவுக்கு வந்தார். அணுவை ஒரு கனசதுரமாகவும் மூலைகளில் எலக்ட்ரான்கள் இருப்பதாகவும் கற்பனை செய்தார். இரண்டு கனசதுரங்கள் ஒரு விளிம்பைப் பங்கிட்டால் ஒற்றைப் பிணைப்பு, ஒரு முகத்தைப் பங்கிட்டால் இரட்டைப் பிணைப்பு. மும்மைப் பிணைப்புக்கு அந்தப் படத்தில் வழியே இல்லை. கனசதுரம் காணாமல் போய்விட்டது. எலக்ட்ரான் இணை மட்டும் நிலைத்துவிட்டது.

படி 2: இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை அருகே கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். இது பிடிபட்டால் மீதி எல்லாம் இதன் நீட்சியே.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெகு தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். ஒன்றை மற்றொன்று கண்டுகொள்வதில்லை. இந்த நிலையின் ஆற்றலைச் சுழியம் என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது அவற்றை மெல்ல நெருக்குவோம். புதிதாக நான்கு விசைகள் தலைகாட்டும். முதல் எலக்ட்ரானை இரண்டாவது அணுக்கரு இழுக்கிறது. இரண்டாவது எலக்ட்ரானை முதல் அணுக்கரு இழுக்கிறது. இவை இரண்டும் ஈர்ப்பு. அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இவை இரண்டும் விலக்கம். இரண்டுக்கு இரண்டு. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது எலக்ட்ரான்கள் எங்கே அதிகம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவில் உள்ள எலக்ட்ரானை இருவரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் நடுவில் உள்ள அந்த எதிர்மின்சுமை ஈடுகட்டுகிறது.

இடைவெளி குறையக் குறைய ஆற்றல் இறங்கிக்கொண்டே வரும். 74 பிக்கோமீட்டரில் அது அடிமட்டத்தைத் தொடுகிறது. அதற்குமேல் நெருக்கினால் அணுக்கருக்களின் விலக்கம் கை ஓங்கி, ஆற்றல் செங்குத்தாக ஏறும். அந்த 74 பிக்கோமீட்டர்தான் ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு நீளம். தனி ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள தொலைவு அணுக்கருவிலிருந்து 53 பிக்கோமீட்டர். இரண்டு அணுக்கள் வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால் நடுவே 106 இருக்க வேண்டும், இருப்பதோ 74. அதாவது அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று நன்றாகவே புகுந்திருக்கின்றன. ஆர்பிட்டால்களின் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதிகளின்) மேற்பொருந்துதல் என்று புத்தகத்தில் வருவது இதைத்தான்.

ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை மீண்டும் தனி அணுக்களாகப் பிரிக்க 436 கிலோஜூல் தேவை. அறை வெப்பநிலையில் வெப்ப அசைவு தரக்கூடியது மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹைட்ரஜன் வாயு தானாக ஏன் அணுக்களாக உதிர்வதில்லை என்பது புரிந்துவிடும்.

அப்புறம், பிணைப்பை ஒரு குச்சியாக நினைத்துவிடாதீர்கள். 74 என்பது சராசரி இடம். மூலக்கூறு அதைச் சுற்றி நொடிக்கு நூறு லட்சம் கோடி தடவைக்கும் மேல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. தனிச்சுழி வெப்பநிலையில்கூட அந்த அதிர்வு முழுதாக நிற்காது.

பலரும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெற்றிடத்தில் நேருக்கு நேர் மோதினால் பிணைப்பு உருவாகிவிடுமா? கிட்டத்தட்ட ஒருபோதும் ஆகாது. உள்ளே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் எங்கும் போக வழியில்லாமல் அந்த இரண்டு அணுக்களிடமே இருக்கும். வந்த வேகத்திலேயே மறுபடி பிரிந்து போய்விடும். அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஒரு துகளோ ஒரு பரப்போ வேண்டும். விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பெரும்பாலும் தூசித் துகள்களின் மேற்பரப்பில் உருவாவது இதனால்தான்.

கொஞ்சம் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. "நடுவில் எலக்ட்ரான் குவிகிறது, அதனால் ஈர்ப்பு கூடுகிறது" என்ற விளக்கம் பாதி உண்மைதான். 1962-இல் கிளாஸ் ரூடன்பர்க் செய்த பகுப்பாய்வு வேறொன்றைக் காட்டியது: எலக்ட்ரானுக்கு உலவ இரண்டு அணுக்களின் இடமும் கிடைக்கும்போது அதன் இயக்க ஆற்றல் குறைகிறது, ஹைட்ரஜனின் பிணைப்பைத் தொடங்கி வைப்பது அதுதான். ஆரம்பநிலைப் படத்துக்கு ஈர்ப்பு விளக்கமே போதும். ஆனால் அது முழுக் கதை என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் ஒரு இணை? ஏன் மூன்று எலக்ட்ரான்கள் இல்லை?

1927-இல் வால்டர் ஹைட்லரும் ஃப்ரிட்ஸ் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறைக் குவாண்டம் இயக்கவியலால் கணக்கிட்டார்கள். அதில் இரண்டு வளைகோடுகள் கிடைத்தன. இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (எலக்ட்ரானின் உள்ளார்ந்த ஒரு பண்பு, அதற்கு இரண்டு திசைகள்தான் உண்டு) எதிரெதிராக இருந்தால் ஆற்றல் கீழே இறங்குகிறது. ஒரே திசையில் இருந்தால் எந்த இடைவெளியிலும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது. எதிரெதிர் தற்சுழற்சிகள் குட்டிக் காந்தங்கள் போல ஒட்டிக்கொள்கின்றன என்று சிலர் விளக்குவார்கள். அது தவறு, அந்தக் காந்த விசை இங்கே ஒரு பொருட்டே இல்லை. ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க வேண்டுமானால் தற்சுழற்சி வேறுபட வேண்டும் என்பது பவுலியின் விதி. எதிரெதிர் தற்சுழற்சி இருந்தால்தான் இருவருக்கும் நடுப்பகுதியில் ஒன்றாக இருக்க அனுமதி கிடைக்கிறது.

இரண்டு அணு ஆர்பிட்டால்கள் கலந்தால் இரண்டு மூலக்கூறு ஆர்பிட்டால்கள் கிடைக்கும். ஒன்று ஆற்றல் குறைந்த பிணைப்பு ஆர்பிட்டால். மற்றொன்று ஆற்றல் கூடிய எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால். பிணைப்பு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையிலிருந்து எதிர்ப்பிணைப்பு எலக்ட்ரான்களைக் கழித்து இரண்டால் வகுத்தால் பிணைப்புத் தரம் வரும். ஹைட்ரஜனில் இரண்டும் கீழே, எனவே தரம் 1. இரண்டு ஹீலியம் அணுக்களிடம் மொத்தம் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு கீழே, இரண்டு மேலே. தரம் 0. கீழே கிடைத்த லாபத்தைவிட மேலே ஏற்படும் நஷ்டம் சற்று அதிகம் என்பதால் ஹீலியம் தனியாகவே இருந்துவிடுகிறது.

இணை என்பதைக்கூட வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சும் அயனியில் இரண்டு புரோட்டான்களும் ஒரே ஒரு எலக்ட்ரானும்தான் இருக்கும். அப்போதும் அது உடைவதில்லை. பிணைப்பு நீளம் 106 பிக்கோமீட்டராக நீள்கிறது, பிணைப்பு ஆற்றல் சுமார் 256 கிலோஜூலாகக் குறைகிறது. ஒற்றை எலக்ட்ரான் தனியாளாக, முழுப் பிணைப்பின் பாதிக்கும் மேலான வேலையைச் செய்துவிடுகிறது.

படி 3: எட்டு எங்கிருந்து வருகிறது

கார்பன் முதல் நியான் வரை வெளிக்கூட்டில் ஒரு எஸ் ஆர்பிட்டாலும் மூன்று பி ஆர்பிட்டால்களும் இருக்கின்றன. ஆக நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடம். நான்கு இரண்டு எட்டு. எண்ம விதியின் அடிப்படை இவ்வளவுதான். அடுத்த எலக்ட்ரான் வர வேண்டுமானால் ஆற்றல் வெகுவாகக் கூடிய அடுத்த கூட்டுக்குப் போக வேண்டும், அது கட்டுப்படியாகாது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஆர்பிட்டால், எனவே அதற்கு இரண்டோடு நிறைவு.

ஃப்ளூரினில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று, எனவே ஒரு பிணைப்பு. ஆக்சிஜனில் இரண்டு, நைட்ரஜனில் மூன்று. கார்பனில்தான் சிக்கல்: அடிநிலையில் அதற்கு ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டுதான், ஆனால் அது நான்கு பிணைப்புகளை உருவாக்குகிறது. எஸ் ஆர்பிட்டாலில் உள்ள ஒரு எலக்ட்ரானை பி ஆர்பிட்டாலுக்கு ஏற்ற மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் செலவாகும். அதற்குப் பதிலாகக் கூடுதலாக இரண்டு பிணைப்புகள் கிடைக்கின்றன. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுக்கு ஏறக்குறைய 413 கிலோஜூல் வீதம் 826 வரவு. 400 போட்டு 826 எடுப்பதால் கார்பன் நான்கு கைகளோடு நிற்கிறது.

எட்டுக்கு அடங்காதவையும் உண்டு. போரான் ட்ரைஃப்ளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். நைட்ரிக் ஆக்சைடில் மொத்தம் 11 வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள், ஒற்றைப்படை; எப்படி வரைந்தாலும் ஒன்று தனித்து நிற்கும். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடில் சல்ஃபரைச் சுற்றி ஆறு பிணைப்புகள். பழைய புத்தகங்கள் இதற்கு டி ஆர்பிட்டால்களைக் காரணம் காட்டும். இன்றைய கணக்கீடுகளின்படி அவற்றின் பங்கு மிகச் சிறியது. சல்ஃபர் பெரிய அணு, சுற்றி ஆறு ஃப்ளூரின்கள் நெருக்கடியில்லாமல் உட்கார இடம் இருக்கிறது என்பதும், எலக்ட்ரான் அடர்த்தியின் பெரும்பகுதியை ஃப்ளூரின் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பதும்தான் முக்கியம்.

படி 4: காகிதத்தில் வரையுங்கள்

கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வோம்.

முதலில் மொத்தம்: கார்பன் 4, ஆக்சிஜன் 6, இன்னொரு ஆக்சிஜன் 6. மொத்தம் 16 எலக்ட்ரான்கள், அதாவது 8 இணைகள். இந்த எட்டு இணைகளுக்கு மேல் ஒன்றும் வரையக் கூடாது, ஒன்றைக்கூட விடவும் கூடாது. மாணவர்கள் சறுக்கும் முதல் இடம் இது.

அடுத்து எலும்புக்கூடு. எலக்ட்ரானை இழுக்கும் வலு குறைந்த அணு பொதுவாக நடுவில் வரும். ஹைட்ரஜன் மட்டும் எப்போதும் ஓரத்தில். இங்கே கார்பன் நடுவில், இரண்டு பக்கமும் ஆக்சிஜன். இரண்டு ஒற்றைக் கோடுகள் போடுங்கள். 2 இணைகள் செலவு, மீதி 6.

மீதியை ஓரத்து அணுக்களுக்கு முதலில் கொடுங்கள். ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் மூன்று தனித்த இணைகள் (பிணைப்பில் சேராத இணைகள்). 6 இணைகளும் தீர்ந்தன. ஆக்சிஜன்களுக்கு எட்டு ஆகிவிட்டது. கார்பனைச் சுற்றி இருப்பதோ நான்கே நான்கு. எனவே ஒவ்வொரு ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த இணையைப் பிணைப்பாக மாற்றுங்கள். இரு பக்கமும் இரட்டைக் கோடு. எல்லோருக்கும் எட்டு.

சரி, ஒரே ஆக்சிஜனிடமிருந்து இரண்டு இணைகளை எடுத்து ஒரு பக்கம் மும்மை, மறுபக்கம் ஒற்றை என்று வரையலாமே? எட்டு அப்போதும் வரும். இங்கேதான் முறைசார் மின்சுமை உதவுகிறது: வெளிக்கூட்டு எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களையும் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கழியுங்கள். இரட்டை–இரட்டை வரைபடத்தில் ஆக்சிஜனுக்கு 6 − 4 − 2 = 0, கார்பனுக்கு 4 − 0 − 4 = 0. மும்மை–ஒற்றை வரைபடத்தில் மும்மைப் பக்க ஆக்சிஜனுக்கு 6 − 2 − 3 = +1, ஒற்றைப் பக்கத்துக்கு 6 − 6 − 1 = −1. எலக்ட்ரானுக்கு அலையும் ஆக்சிஜன் மேல் நேர்மின்சுமை வைப்பது சரிப்பட்டு வராது. முதல் வரைபடமே நல்லது.

நீங்களே ஒன்று முயலுங்கள்: ஹைட்ரஜன் சயனைடு. மொத்தம் 1 + 4 + 5 = 10, ஐந்து இணைகள். ஹைட்ரஜன்–கார்பன் ஒற்றை, கார்பன்–நைட்ரஜன் மும்மை, நைட்ரஜன் மேல் ஒரு தனித்த இணை என்று வந்தால் உங்கள் கை பழகிவிட்டது.

ஓசோனை வரைந்தால் வேறு ஒரு விசித்திரம் வரும். 18 எலக்ட்ரான்கள். முடிவில் ஒரு பக்கம் இரட்டை, மறுபக்கம் ஒற்றை. இரட்டையை இடப்புறம் போட்டாலும் சரி, வலப்புறம் போட்டாலும் சரி, இரண்டும் சமமான வரைபடங்கள். உண்மையில் அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம், சுமார் 128 பிக்கோமீட்டர். ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு 121, ஹைட்ரஜன் பெராக்சைடின் ஆக்சிஜன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 147. ஓசோன் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. மூலக்கூறு இரண்டு வடிவங்களுக்கும் நடுவே மாறி மாறிக் குதிப்பதாக நினைக்க வேண்டாம். இருப்பது ஒரே வடிவம், நம் கோடுகளால் அதை ஒரே படத்தில் சொல்ல முடியவில்லை. உடனிசைவு என்று பெயர் கொடுத்து இந்தக் குறையைச் சமாளிக்கிறோம்.

படி 5: இரட்டையும் மும்மையும்

முதல் பிணைப்பு எப்போதும் இரு அணுக்கருக்களையும் சேர்க்கும் நேர்கோட்டின் மேலேயே எலக்ட்ரான் அடர்த்தியைக் குவிக்கும், அது சிக்மா. இரண்டாவதும் மூன்றாவதும் அந்த அச்சுக்கு இருபுறமும், பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்துவதால் உருவாகின்றன, அவை பை. பக்கவாட்டு மேற்பொருந்துதல் அவ்வளவு செம்மையாக அமையாது. எண்களைப் பாருங்கள்: கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு 154 பிக்கோமீட்டர், சுமார் 347 கிலோஜூல். இரட்டை 134 பிக்கோமீட்டர், சுமார் 614. மும்மை 120 பிக்கோமீட்டர், சுமார் 839. நீளம் குறைகிறது, வலு கூடுகிறது, ஆனால் இரட்டை என்பது ஒற்றையின் இருமடங்கு இல்லை. 614-இலிருந்து 347-ஐக் கழித்தால் பை பிணைப்புக்கு 267தான் வருகிறது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு எளிதில் வினைபுரிவதற்கும், அதன் ஒரு முனையைத் திருப்ப முயன்றால் அந்த 267-ஐ ஒட்டிய ஆற்றல் தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்: திருப்பினால் பை மேற்பொருந்துதல் அறுந்துவிடும்.

நைட்ரஜன் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. நைட்ரஜன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 160 கிலோஜூல், மும்மையோ 945. மூன்று மடங்கைத் தாண்டி ஆறு மடங்கை நெருங்குகிறது! மும்மை அதிசயமாக வலுவானது என்பதோடு, ஒற்றைப் பிணைப்பு வழக்கத்தைவிட நோஞ்சானாக இருப்பதும் காரணம். சிறிய அணுக்கள் நெருங்கி நிற்கும்போது இரண்டின் தனித்த இணைகளும் எதிரெதிரே வந்து தள்ளிக்கொள்கின்றன. ஃப்ளூரின் மூலக்கூறிலும் இதே கதைதான்: அதன் பிணைப்பு 158 கிலோஜூல், தன்னைவிடப் பெரிய குளோரினின் 242-ஐவிடக் குறைவு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆக்சிஜன் மூலக்கூறு லூயிஸ் வரைபடத்தின் எல்லையைக் காட்டுகிறது. இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரான்களும் ஜோடி ஜோடியாக என்று அழகாக வரைந்துவிடலாம். ஆனால் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்கிறது. ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இல்லாமல் இது நடக்காது. மூலக்கூறு ஆர்பிட்டால் கணக்கு போட்டால் பதில் கிடைக்கும்: எதிர்ப்பிணைப்பு பை ஆர்பிட்டால்கள் இரண்டில் ஆளுக்கொரு எலக்ட்ரான் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. பிணைப்புத் தரம் அப்போதும் 2தான்.

படி 6: வடிவம்

எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று தவிர்த்து முடிந்தவரை விலகி நிற்கும். நான்கு பலூன்களின் வாயை ஒன்றாகக் கட்டிப் பாருங்கள்; யாரும் சொல்லாமலே அவை நான்முகி வடிவில் விரிந்துகொள்ளும். மீத்தேனின் கோணம் 109.5 பாகை வருவதும் அப்படித்தான். நடு அணுவைச் சுற்றி இரண்டு திசைகளில் மட்டும் எலக்ட்ரான் இருந்தால் 180, மூன்று என்றால் 120. இரட்டைப் பிணைப்பை இங்கே ஒரே திசையாக எண்ண வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடாக இருப்பது அதனால்தான்.

தனித்த இணைகளையும் எண்ண மறக்காதீர்கள். அம்மோனியாவிலும் நீரிலும் நடு அணுவைச் சுற்றி நான்கு இணைகளே. ஆனால் தனித்த இணை ஒரே அணுக்கருவின் பிடியில் இருப்பதால் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மற்றவற்றை நெருக்கும். ஒரு தனித்த இணையுள்ள அம்மோனியாவின் கோணம் சுமார் 107 பாகை, இரண்டு உள்ள நீருக்கு 104.5.

1931-இல் லைனஸ் பாலிங் வகுத்துத் தந்த இனக்கலப்பு இதே வடிவங்களை ஆர்பிட்டால் மொழியில் சொல்கிறது: ஒரு எஸ், மூன்று பி சேர்ந்து நான்முகி நோக்கிய நான்கு சம ஆர்பிட்டால்கள். "முதலில் கார்பன் இனக்கலப்பு அடைகிறது, பிறகு ஹைட்ரஜன் வந்து சேர்கிறது" என்று வரிசைக்கிரமமாக எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு நிகழ்ச்சி நடப்பதில்லை. அது நாம் போடும் கணித ஏற்பாடு. எல்லா இடத்திலும் அதைத் திணிக்கவும் முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் கோணம் 92 பாகைதான். கலக்காத பி ஆர்பிட்டால்களுக்கு இடையிலான 90 பாகைக்கு அது வெகு அருகில் இருக்கிறது.

படி 7: யார் பக்கம் அதிகம் சாய்கிறது

ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்களுக்கு நடுவே எலக்ட்ரான் இணை சரிசமமாக இருக்கும். வேறு வேறு அணுக்கள் என்றால் எலக்ட்ரான் கவர்தன்மை அதிகமுள்ள பக்கம் சாயும். பாலிங்கின் அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃப்ளூரின் 3.98. ஹைட்ரஜன் குளோரைடில் வித்தியாசம் 0.96, குளோரின் பக்கம் சிறிது எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்சுமை. இதுதான் முனைவுள்ள சகப்பிணைப்பு.

வித்தியாசம் 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் வித்தியாசம் 1.78. அந்த விதிப்படி அது உப்பு போலப் படிகமாக இருக்க வேண்டும். ஆனால் சுமார் 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் மூலக்கூறுச் சேர்மம் அது. எண் வழிகாட்டும், தீர்ப்பு சொல்லாது. சகப்பிணைப்புக்கும் அயனிப் பிணைப்புக்கும் நடுவே வேலி எதுவும் இல்லை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியான சரிவுதான்.

பிணைப்பு முனைவுள்ளதாக இருந்தால் மூலக்கூறும் அப்படியே இருக்கும் என்றும் இல்லை. கார்பன் டை ஆக்சைடின் இரண்டு பிணைப்புகளும் முனைவுள்ளவை. எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. நீர் வளைந்திருப்பதால் ரத்தாவதில்லை.

இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அணுவிடமிருந்து வரும் ஈதல் சகப்பிணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்மோனியாவின் தனித்த இணையை எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொண்டால் அம்மோனியம் அயனி. உருவான பிறகு நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளில் எது 'ஈதல்' என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, நான்கும் ஒன்றுதான்.

படி 8: ஆற்றல் கணக்கைச் சரிபாருங்கள்

இரண்டு குழப்பங்கள் பலரையும் விடாமல் துரத்துகின்றன. நீர் கொதிக்கும்போது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உடைகிறது என்பது ஒன்று. அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 463 கிலோஜூல் வேண்டும். ஒரு மோல் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 41 போதும். உடைவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்புதான். வைரத்தில் நிலைமை வேறு: ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு சகப்பிணைப்பால் கோக்கப்பட்டிருப்பதால், அதைக் குலைக்க அந்தப் பிணைப்புகளையே உடைத்தாக வேண்டும்.

மற்றொன்று, பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்பது. உடைக்க எப்போதும் செலவுதான், உருவாகும்போதுதான் வரவு. ஹைட்ரஜன் எரிவதைக் கணக்கிடுவோம். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் உடைய 2 × 436 + 498 = 1370 கிலோஜூல் செலவு. இரண்டு மோல் நீராவியில் நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாக 4 × 463 = 1852 வரவு. மிச்சம் 482, அதாவது ஒரு மோல் நீராவிக்கு 241. சோதனையில் கிடைக்கும் மதிப்பு 242. சராசரிப் பிணைப்பு ஆற்றல்களை வைத்துப் போட்ட கணக்குக்கு இது நல்ல பொருத்தம்.

இதே போல ஹைட்ரஜனும் ஃப்ளூரினும் வினைபுரிவதைப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன்–ஃப்ளூரின் பிணைப்புக்கு 567 கிலோஜூல் வைத்துக்கொள்ளுங்கள். செலவு 436 + 158 = 594; வரவு 2 × 567 = 1134; மிச்சம் 540. குளோரினுக்கு, ஹைட்ரஜன் குளோரைடின் 431-ஐ வைத்துப் போட்டால் செலவு 678, வரவு 862, மிச்சம் 184தான். ஃப்ளூரினின் சொந்தப் பிணைப்பு நோஞ்சான் என்பதால் உடைக்கும் செலவு குறைவு. அது பிறரோடு போடும் பிணைப்பு வலுவானது என்பதால் வரவு அதிகம். ஹைட்ரஜனும் குளோரினும் இருட்டில் ஒரே கலத்தில் சும்மா கிடக்கும், வெளிச்சம் பட்டால்தான் வெடிக்கும். ஹைட்ரஜனும் ஃப்ளூரினுமோ இருட்டிலும் குளிரிலும்கூட வெடித்து வினைபுரியும்.